குழந்தைகளுக்கு உண்ணும் முறையையும் சிறு சிறு சமையல் வேலைகளையும் எந்த வயதில், எப்படிப் பழக்குவது?

கேள்வி
எழுதியவர்: இரண்டு குழந்தைகளின் அப்பா

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு நாலரை வயது ஆகிறது. மகனுக்கு இன்னும் இரண்டு மாதங்களில் இரண்டு வயது நிறையும். சாப்பாட்டு வேளை நெருங்கினாலே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனம் கனத்துவிடுகிறது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மகள் இரண்டு வாய் உண்டதும் எழுந்து ஓடுகிறாள். வாய் நிறைய உணவை வைத்துக்கொண்டே பேசுகிறாள். பிடிக்காத பொருள் தட்டில் இருந்தால் "சீ, நாற்றம்" என்று உரக்கச் சொல்லித் தட்டைத் தள்ளிவிடுகிறாள். கைப்பேசியில் எதையாவது ஓடவிட்டால் மட்டும் அசையாமல் உட்கார்ந்து, ஊட்டுவதையெல்லாம் விழுங்கிவிடுகிறாள். அப்படி விழுங்கும்போது வாய்க்குள் போவது என்ன என்பதே அவளுக்குத் தெரிவதில்லை என்பதை அண்மையில்தான் கவனித்தேன். மகன் பாதி உண்டபின் குவளையையும் கிண்ணத்தையும் கீழே எறிகிறான்; எடுத்துக் கொடுத்தால் மீண்டும் எறிகிறான்.

சென்ற மாதம் உறவினர் வீட்டு விருந்தொன்றில், எல்லோருக்குமாக வைத்திருந்த கிண்ணத்தில் மகள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, மீதியை அதே கிண்ணத்தில் போட்டுவிட்டாள். எல்லோர் முன்னிலையிலும் நான் அவளைக் கடுமையாக அதட்டிவிட்டேன். அன்று அவள் ஒன்றும் உண்ணவில்லை. அதன்பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் "எனக்குப் பசிக்கவில்லை" என்று சொல்லி ஒதுங்கி நிற்கிறாள். அவள் செய்தது தவறுதான். ஆனால் பொதுக் கிண்ணத்திலிருந்து எப்படி எடுக்க வேண்டும் என்று அதற்குமுன் நாங்கள் யாருமே அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை என்பது அன்றிரவு படுத்தபின்தான் எனக்கு உறைத்தது.

எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம், பசியையும் ஆசையையும் கெடுக்காமல் எப்படித் திருத்துவது என்பவை என் முதன்மையான கேள்விகள். சமையலறைக்குள் வரவேண்டும் என்று மகள் தினமும் கெஞ்சுகிறாள். ஆபத்து என்று நாங்கள் தடுத்து வைத்திருக்கிறோம். அவளை உள்ளே விடலாமா, எந்த வேலையைக் கொடுக்கலாம் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்
எழுதியவர்: மழலையர் வகுப்பு ஆசிரியை

வணக்கம் சகோதரரே. 14 ஆண்டுகளாக மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளோடு நாள்தோறும் உட்கார்ந்து மதிய உணவு உண்கிறவள் நான். சொல்லிக் கொடுக்காத ஒன்றுக்காக அதட்டிவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

பசியோடு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த நேரத்தில் சொல்லும் திருத்தம் மனத்தில் ஏறுவதில்லை. கண் முன்னே உணவும், சுற்றிலும் பெரியவர்களின் முகங்களும், நடுவே ஒரு அதட்டலும் இருந்தால் அந்த அதட்டல் மட்டுமே அதன் நினைவில் நிற்கும். ஆகவே நாங்கள் உணவு வேளையில் எதையும் கற்பிப்பதில்லை. காலையில் வயிறு நிறைந்து, மனம் தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒரு விளையாட்டைப் போல அதைச் செய்துகாட்டுகிறோம். பொதுக் கிண்ணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய கிண்ணத்தில் பஞ்சு உருண்டைகளைப் போட்டு, அதில் ஒரு பெரிய கரண்டியை வையுங்கள். ஆளுக்கொரு தட்டும் ஒரு சிறு கரண்டியும் இருக்கட்டும். நீங்கள் பெரிய கரண்டியால் இரண்டு உருண்டைகளை உங்கள் தட்டில் இட்டு, அந்தக் கரண்டியைக் கிண்ணத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, கிண்ணத்தை அடுத்தவர் பக்கம் நகர்த்துங்கள். மெதுவாக, பேசாமல் செய்யுங்கள். கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையிடம் வாயாலும் விளக்கினால் அது இரண்டையும் தவறவிடும். பிறகு அவள் செய்யட்டும். நாலைந்து நாள் இப்படி விளையாடிய குழந்தை, ஐந்தாம் நாள் உண்மையான உணவிலும் அதையே செய்வதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

"சீ" என்ற சொல்லுக்கும் இதே வழிதான். அதைத் தடுப்பதோடு நின்றுவிட்டால், பிடிக்காததைச் சொல்வதற்கு அவளிடம் வேறு சொல் இருக்காது. "எனக்கு இப்போது வேண்டாம், நன்றி" என்ற ஒரு வாக்கியத்தை அவளுக்குக் கொடுங்கள். வீட்டில் பொம்மைகளை விருந்தாளிகளாக உட்கார வைத்து, பொம்மைக்காக நீங்களே அதைச் சொல்லிக் காட்டுங்கள். அவள் அப்படிச் சொல்லும் நாளில் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பது உங்கள் கடமை. "ஒரே ஒரு வாய்" என்று வற்புறுத்தினால், பணிவாகச் சொன்னால் பயனில்லை, கத்தினால்தான் விடுவார்கள் என்று குழந்தை முடிவு செய்துவிடும். அதோடு, வாயில் போட்டது பிடிக்காவிட்டால் ஒரு காகிதக் கைக்குட்டையில் சத்தமின்றித் துப்பி மடித்து ஓரமாக வைக்கவும் கற்றுக்கொடுங்கள். துப்பக் கற்றுக்கொடுப்பதா என்று சில பெற்றோர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். துப்புவதற்கு ஒரு நாகரிகமான வழி இருக்கிறது என்று தெரிந்த குழந்தைதான் புதிய உணவைத் துணிந்து வாயில் வைக்கிறது.

சமையலறைக்குள் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் விடுங்கள். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-ஆம் ஆண்டு ரோம் நகரின் ஏழைக் குடியிருப்புப் பகுதி ஒன்றில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தம் முதல் மழலையர் பள்ளியைத் தொடங்கினார். அங்கே நாலு வயதுக் குழந்தைகளே மேசையை ஒழுங்குசெய்து, மற்றவர்களுக்குச் சூப் பரிமாறினார்கள். உடையக்கூடிய தட்டுகளும் கண்ணாடிக் குவளைகளும்தான் அவர்கள் கையில் கொடுக்கப்பட்டன. கீழே போட்டால் உடையும் என்று தெரிந்தபின்தான் கைக்கு நிதானம் வருகிறது என்பது அவர் கண்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் எங்கள் வகுப்பில் அது அப்படியே நடக்கிறது. பிளாஸ்டிக் குவளையை ஆட்டிக்கொண்டே நடக்கும் குழந்தை, கண்ணாடிக் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடக்கிறது.

முதலில் ஊற்றப் பழக்குங்கள். ஒரே அளவான இரண்டு சிறிய கூஜாக்களை ஒரு தட்டத்தில் வைத்து, ஒன்றில் உலர்ந்த பயறோ வேறு தானியமோ பாதியளவு நிரப்பி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றச் சொல்லுங்கள். அது கைவந்தபின் தண்ணீர். குவளையில் எதுவரை ஊற்ற வேண்டும் என்பதற்கு ஒரு வண்ணக் கோடு ஒட்டிவிடுங்கள். சிந்தினால் துடைப்பதற்கு அவள் உயரத்திலேயே அவளுக்கென்று ஒரு சிறு துணி தொங்கட்டும். சிந்தியதும் நீங்கள் ஓடிப்போய்த் துடைத்துவிட்டால், சிந்துவது ஒரு குற்றம் என்றும் அதைச் சரிசெய்யும் தகுதி தனக்கு இல்லை என்றும் அவள் எண்ணத் தொடங்குவாள்.

பதில்
எழுதியவர்: ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (உண்பது, உடுத்துவது போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்), குழந்தைகள் பிரிவு

ஆசிரியை அவர்கள் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. உடல் சார்ந்த சிலவற்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்; ஒழுக்கக் குறைவு என்று பெற்றோர் அழைத்துவரும் குழந்தைகளில் பலருக்கு நாற்காலியில்தான் குறை இருக்கிறது.

உங்கள் மகள் உட்காரும்போது அவளுடைய பாதங்கள் எங்கே இருக்கின்றன என்று இன்று பாருங்கள். பெரியவர்களின் நாற்காலியில் உட்கார்ந்தால் கால்கள் காற்றில் தொங்கும். பாதத்துக்குப் பிடிமானம் இல்லாவிட்டால், விழாமல் உட்கார்ந்திருப்பதற்கே இடுப்பும் முதுகும் ஓயாமல் உழைக்க வேண்டும். மீதியிருக்கும் சிறிது கவனத்தில்தான் குழந்தை கரண்டியைப் பிடித்து, மென்று, விழுங்க வேண்டியிருக்கிறது. சில நிமிடங்களில் அது நெளியும், முட்டிபோடும், எழுந்து ஓடும். காலுக்குக் கீழே ஒரு பெட்டியையோ உறுதியான முக்காலியையோ வைத்து, இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் ஏறக்குறைய செங்கோணத்தில் மடிந்திருக்குமாறு செய்யுங்கள். மேசை முழங்கை உயரத்துக்கு வரட்டும். தரையில் அமர்ந்து உண்ணும் வீடென்றால், தட்டைச் சற்று உயர்த்தி வைத்தாலே குனிந்து குனிந்து எழும் அலைச்சல் குறைந்துவிடும். இதை மட்டும் செய்துவிட்டு ஒரு வாரம் வேறு எதையும் திருத்தாமல் இருந்து பாருங்கள்.

அடுத்தது வயது. ஆறேழு மாதத்தில் குழந்தை உணவை உள்ளங்கையால் அள்ளும். ஒன்பது மாதம் அளவில் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்கத் தொடங்கும். ஒன்றரை வயதில் கரண்டியைச் சிந்திச் சிந்தி வாய்க்குக் கொண்டுபோகும். இரண்டரை, மூன்று வயதில் சிந்துவது வெகுவாகக் குறையும். தட்டில் உள்ளதைக் கத்தியும் முள்கரண்டியும் கொண்டு தானே வெட்டி உண்ணும் திறன் ஆறு வயதுக்கு மேல்தான் கைகூடும். இரண்டு வயதுக் குழந்தையால் பத்து நிமிடம் அமைதியாக உட்கார முடிந்தால் அதுவே நிறைவு. நாலரை வயதுக்கு இருபது நிமிடம். அதற்குமேல் பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பதை முன்னிட்டு அவளை உட்கார வைத்திருப்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

வாயை மூடி மெல்லுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிக அநியாயம் நடக்கிறது. பால்பற்கள் 20-உம் முளைத்து முடிவதற்கே ஏறக்குறைய மூன்று வயது ஆகும். தாடையைச் சுழற்றி அரைக்கும் அசைவும் அந்த வயதுக்குள்தான் படிப்படியாக முதிர்கிறது. ஆகவே உங்கள் மகனிடம் இதை இப்போது எதிர்பார்க்கவே வேண்டாம். மகளிடம் எதிர்பார்க்கலாம். ஆனால் அதற்குமுன் ஒன்றைச் சோதியுங்கள்: உறங்கும்போது அவள் வாய் திறந்திருக்கிறதா, குறட்டை விடுகிறாளா, பெரும்பாலும் மூக்கடைப்போடு இருக்கிறாளா? மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதை வீங்கியிருக்கும் குழந்தையால் வாயை மூடிக்கொண்டு மெல்ல முடியாது. மூச்சு விடுவதற்கு அதற்கு வாய் ஒன்றுதான் வழி. அப்படிப்பட்ட குழந்தையை "வாயை மூடு, வாயை மூடு" என்று ஆண்டுக்கணக்கில் அதட்டிவிட்டு, பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி உண்மை தெரிந்ததும் கண்கலங்கிய தாயொருவரை நான் மறக்க முடியவில்லை.

மகன் எறிவது கெட்ட எண்ணத்தால் அன்று. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு "போதும்" என்பதைத் தெரிவிக்க வேறு வழி தெரியாது. "போதும்" என்ற சொல்லையோ கையை விரித்துக் காட்டும் ஒரு சைகையையோ ஒவ்வொரு வேளையின் முடிவிலும் செய்துகாட்டுங்கள். வேண்டாததைப் போட அவன் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணம் வையுங்கள். எறியத் தொடங்கியதும் கோபமின்றி "உனக்குப் போதும் போலிருக்கிறது" என்று தட்டை எடுத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப எடுத்துக் கொடுத்தால் அவனுக்கு அது ஒரு விளையாட்டாகிவிடும்.

பதில்
எழுதியவர்: மூன்று பேரக்குழந்தைகளின் தாத்தா

தம்பி, மேலே எழுதியவர்கள் படித்தவர்கள், நல்லதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் கண்டிப்பு என்ற ஒன்று இல்லாமல் எந்தப் பழக்கமும் ஊன்றாது என்பது என் அனுபவம். கண்டிப்பு என்றால் அதட்டுவதோ அடிப்பதோ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விதி இரண்டோ மூன்றோ இருக்கட்டும். அவை விருந்தாளி வந்தாலும், நீங்கள் களைத்திருந்தாலும், குழந்தை அழுதாலும் மாறாமல் இருக்கட்டும். எங்கள் வீட்டில் கை கழுவிவிட்டு உட்கார வேண்டும், உட்கார்ந்துதான் உண்ண வேண்டும், உண்ட தட்டைத் தானே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்ற மூன்றுதான் விதி. எழுந்துபோனால் உணவு முடிந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடும் வழக்கம் கிடையாது. ஒரு பேத்தி முதல் வாரத்தில் மூன்று வேளை அரைகுறையாக உண்டாள். நான்காம் வேளை தானாகவே உட்கார்ந்துகொண்டாள்.

நீங்களும் உங்கள் மனைவியும் குழந்தைகளோடு சேர்ந்து உட்கார்ந்து உண்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. குழந்தைக்கு முதலில் ஊட்டிவிட்டு, பெரியவர்கள் பிறகு தனியே உண்ணும் வீட்டில், முறையாக உண்பது எப்படி இருக்கும் என்பதைக் குழந்தை பார்க்கவே வாய்ப்பில்லை. பெரியவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உண்டால் அதைத்தான் அது பழகும். கைப்பேசியை உண்ணும் அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள், உங்களுடையதையும் சேர்த்து.

பதில்
எழுதியவர்: கல்லூரிப் பெண்ணின் அம்மா

தாத்தா அவர்களுக்கு வணக்கம். விதிகள் குறைவாகவும் மாறாமலும் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதை முழுமனத்தோடு ஏற்கிறேன். உங்கள் மூன்று விதிகளில் எதுவுமே குழந்தை எவ்வளவு உண்ண வேண்டும் என்பதைப் பற்றியதாக இல்லை என்பதைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பல வீடுகளில் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். நடத்தைக்கு விதி வகுக்கலாம். பசிக்கு விதி வகுத்தால் என்ன ஆகும் என்பதை நான் என் உடம்பிலேயே அறிந்தவள். தட்டில் இட்டதை முடிக்காமல் எழக்கூடாது என்று வளர்க்கப்பட்டேன். ஆறிப்போன உணவின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த பகல்கள் எனக்கு இன்னமும் நினைவில் உள்ளன. நாற்பது வயதுக்குப் பிறகும் வயிறு நிறைந்தது எப்போது என்பதை என்னால் உணர முடிவதில்லை. தட்டு காலியாவதுதான் எனக்கு அடையாளம். என் மகளுக்கு அது நேரக்கூடாது என்று உறுதியாக இருந்தேன்.

அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் வகுத்த பொறுப்புப் பங்கீடு எனக்குக் கைகொடுத்தது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பவற்றைப் பெற்றோர் முடிவு செய்கிறார்கள்; எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாமா என்பதைக் குழந்தை முடிவு செய்கிறது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது; நடைமுறையில் முதல் சில வாரங்கள் நெஞ்சு படபடக்கும். எனக்குத் தைரியம் கொடுத்தது ஒரு கணக்கு. பிறந்த எடையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கை முதல் ஓராண்டிலேயே எட்டிவிடும் குழந்தை, இரண்டாம் ஆண்டு முழுவதும் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோ அளவுதான். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. முதலாண்டின் பசியை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று வயதுக் குழந்தையின் வாயில் உணவைத் திணிப்பதில் எத்தனை தாய்மார்கள் கண்ணீர் விட்டிருக்கிறோம்! ஒரு வயதைத் தாண்டிய குழந்தை நாள் முழுவதும் பால் குடித்துக்கொண்டே இருந்தாலும் உணவு இறங்காது. நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவே போதுமானது. இரண்டு உணவு வேளைகளுக்கு இடையே இரண்டரை, மூன்று மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லாமல் விட்டால் பசி தானாக வரும். எடை கூடாமலோ குறைந்துகொண்டோ வந்தால் அது வேறு செய்தி. அப்போது குழந்தை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

புதிய உணவை மறுப்பது இரண்டு வயது முதல் ஆறு வயது வரை மிகுதியாகவே இருக்கும். ஓர் உணவைப் பத்துப் பதினைந்து முறை பார்த்து, தொட்டு, முகர்ந்த பிறகே ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் மிகப் பலர். "கீரையை முடித்தால் இனிப்புத் தருகிறேன்" என்று நானும் பேரம் பேசியிருக்கிறேன். கீரை ஒரு தண்டனை, இனிப்பு ஒரு பரிசு என்பதைத்தான் என் மகள் அதிலிருந்து கற்றாள். கடைசியில் அவள் கீரையை உண்டது, அவளையே கீரை ஆய வைத்த நாளில்தான். தான் ஆய்ந்த கீரை என்று அவளே எல்லோருக்கும் பரிமாறினாள், கடைசியாகத் தன் தட்டிலும் கொஞ்சம் இட்டுக்கொண்டாள். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: இரண்டு குழந்தைகளின் அப்பா

ஒருவர் விடாமல் எல்லோருக்கும் நன்றி. ஐயா கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்: நாங்கள் குழந்தைகளோடு சேர்ந்து உண்டதில்லை, அவர்களை உறங்க வைத்துவிட்டுத்தான் உண்டுகொண்டிருந்தோம். மூன்று வாரங்களாக இரவு உணவை முன்னேற்றி, நால்வரும் ஒன்றாக உண்கிறோம்.

மகளின் காலுக்குக் கீழே ஒரு மரப்பெட்டியை வைத்த இரண்டாம் நாளே வேறுபாடு தெரிந்தது. முன்பு இரண்டு நிமிடத்தில் எழுந்தவள் இப்போது பத்துப் பன்னிரண்டு நிமிடம் உட்காருகிறாள். கைப்பேசியை நிறுத்திய முதல் நான்கு நாள் கடினமாக இருந்தது. மிகக் குறைவாகவே உண்டாள், என் மனைவி இரவில் உறங்கவில்லை. இரண்டாம் வாரத்தில் பசி திரும்பிவிட்டது. உறக்கத்தில் வாய் திறந்திருக்கிறதா என்று கவனித்தோம். அப்படி ஏதும் இல்லை. மகன் இன்னும் எறிகிறான், ஆனால் எறிவதற்கு முன்பு என் முகத்தைப் பார்க்கிறான், நான் உடனே "போதுமா?" என்று கையை விரித்துக் காட்டினால் சில வேளைகளில் அவனும் விரிக்கிறான்.

பஞ்சு உருண்டை விளையாட்டு அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. விளையாட்டின் நடுவே அவளிடம், "அன்றைக்கு அப்பா உன்னை எல்லோர் முன்னாலும் அதட்டியது தப்பு, எப்படி எடுக்கணும் என்று நான் உனக்குச் சொல்லித் தரவே இல்லை" என்று சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் எனக்கு இரண்டு உருண்டைகளைப் பரிமாறினாள். போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டில் கொஞ்சமாக உண்டாள்.

இப்போது தட்டு வைப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் அவள் வேலை. தானும் காய் நறுக்க வேண்டும் என்கிறாள். கத்தியைக் கையில் கொடுக்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்
எழுதியவர்: பெரிய சமையற்கூடத்தில் பணிபுரியும் சமையற்காரர்

வணக்கம். 22 ஆண்டுகளாக நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் கூடத்தில் இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்களுக்கும் என் சொந்தக் குழந்தைகளுக்கும் நான் கத்தி பழக்கிய வரிசை ஒன்றேதான்.

கத்திக்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள் ஏராளம். கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது, காய்களைக் கழுவுவது, வெந்து ஆறிய முட்டையின் ஓட்டை உரிப்பது, வேகவைத்த கிழங்கை மசிப்பது, ரொட்டியில் வெண்ணெய் தடவுவது ஆகிய எல்லாவற்றையும் நாலரை வயதுக் குழந்தை செய்யும். உங்கள் மகனுக்கும் வேலை உண்டு: கழுவிய காயை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றட்டும், கீரை இலைகளைக் கிழித்துப் போடட்டும். விரல்களுக்கு வலுவும் நிதானமும் இந்த வேலைகளில்தான் ஏறுகின்றன.

பிறகு முனை மழுங்கிய வெண்ணெய்க் கத்தியும் தோலுரித்த வாழைப்பழமும். பழத்தை நீளவாக்கில் முதலில் நீங்களே இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் கீழே இருக்குமாறு பலகையில் வையுங்கள். உருளும் பொருளை எந்த வயதினரும் நறுக்கக்கூடாது. பலகை நழுவாமல் இருக்க அதன் அடியில் ஈரத்துணியைப் பிழிந்து விரியுங்கள். பலகை அவளுடைய இடுப்பு உயரத்தில் இருக்கும்படி, அசையாத முக்காலியில் அவள் நிற்கட்டும். பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கி, பூனை தன் நகத்தை உள்ளிழுப்பது போல் வைக்கச் சொல்லுங்கள். பூனைக்கை என்று சொன்னால் குழந்தைகள் மறப்பதில்லை. வாழைப்பழத்தில் கை பழகியபின் வேகவைத்த கேரட், அதன்பின் தோல் சீவிய வெள்ளரிக்காய். இந்த நிலையில் குழந்தைகளுக்கென்றே செய்யப்படும் பற்கள் வைத்த நைலான் கத்தியைக் கொடுக்கலாம். உண்மையான சிறு கத்தியை ஆறு, ஏழு வயதில், நீங்கள் அருகில் நிற்கும்போது மட்டும் கொடுங்கள். அப்போது கூர்மையான கத்தியாகவே கொடுங்கள். மொண்ணைக் கத்திக்கு அழுத்தம் அதிகம் வேண்டும். அழுத்தும்போதுதான் அது வழுக்கி விரலுக்கு வருகிறது.

கத்தியைக் காட்டிலும் நான் அஞ்சுவது சூட்டுக்குத்தான். 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள தண்ணீர் சில விநாடிகளில் பெரியவர்களின் தோலையே புண்ணாக்கிவிடும். குழந்தைகளின் தோல் இன்னும் மெல்லியது. வாணலியின் கைப்பிடி எப்போதும் உள்பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும். அடுப்பைச் சுற்றி மூன்றடி தூரத்துக்குத் தரையில் ஒரு கோடு ஒட்டி, அடுப்பு எரியும்போது அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்பதை உங்கள் மாறாத விதிகளில் ஒன்றாகச் சேருங்கள். தாத்தா சொன்ன கண்டிப்பு இங்கே முழுமையாகப் பொருந்தும்.

வேலையைத் தொடங்குமுன் சோப்பிட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். பச்சை முட்டையையோ பச்சை இறைச்சியையோ தொட்டபின் மீண்டும் கழுவ வேண்டும். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். மாவு பிசையும்போது அதை நக்கிப் பார்க்கும் வழக்கத்தையும் விடுங்கள். வேகாத மாவிலும் கிருமி உண்டு.

உங்கள் மகனை நினைத்து ஒன்று சொல்கிறேன். அக்கா நறுக்கும் துண்டுகளைத் தம்பி எடுத்து வாயில் போடுவான். முழுத் திராட்சையும், வட்டமாக நறுக்கிய பச்சைக் கேரட்டும், முழுக் கொட்டைகளும் அவன் தொண்டைக்குழியைக் கச்சிதமாக அடைக்கும் அளவு கொண்டவை. திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளக்க வேண்டும். கேரட்டை மெத்தென்று வேகவைக்க வேண்டும். முழுக் கொட்டைகளை ஐந்து வயது வரை கொடுக்கவே கூடாது. உட்கார்ந்துதான் உண்ண வேண்டும் என்ற விதியும் இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் உண்ணும்போதுதான் உணவு மூச்சுக்குழலுக்குள் போகிறது. இருமிக்கொண்டும் சத்தமிட்டுக்கொண்டும் இருக்கும் குழந்தையை இருமவே விடுங்கள். சத்தமே எழாமல் திணறினால் ஒரு நொடியும் தாமதிக்கக்கூடாது: ஒரு வயதைக் கடந்த குழந்தை என்றால் முன்பக்கம் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும், வெளிவராவிட்டால் பின்னாலிருந்து வயிற்றின் மேற்பகுதியை ஐந்து முறை உள்நோக்கி மேலாக அழுத்த வேண்டும், அதற்குள் இன்னொருவர் அவசர உதவியை அழைக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் ஒருநாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போய் இதைக் கையால் செய்து பழகிவிடுங்கள். எங்கள் சமையற்கூடத்தில் இந்தப் பயிற்சி இல்லாமல் யாரும் வேலைக்குச் சேர முடியாது.

வாழைப்பழத்தை வரும் விடுமுறை நாள் காலையில், அவசரமில்லாத நேரத்தில் தொடங்குங்கள். முதல் நாள் அரைப் பழம் போதும். துண்டுகள் கோணல் மாணலாகத்தான் வரும். அவற்றைத் திருத்தி நறுக்காமல் அப்படியே கிண்ணத்தில் போட்டு, அவளையே எல்லோருக்கும் பரிமாறச் சொல்லுங்கள்.